அதே நிலம், கூடுதல் கருவிகள்

நின்டெண்டோவின் ‘செல்டா’ கேம் வரிசையில் ‘பிரெத் ஆஃப் தி வைல்டு’ 2017 மார்ச்சில் வெளிவந்தபோது, திறந்தவெளி கேம்களின் போக்கையே அது மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். தவறில்லை. ஆறு வருடம் கழித்து, 2023 மே மாதம், அதன் தொடர்ச்சியாக ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ வந்தது. மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. இதற்கு முன்னால் பழையது வெறும் ஒத்திகை என்ற பேச்சும் கிளம்பியது. இரண்டுக்கும் இயக்குநர் ஹிடேமாரோ ஃபுஜிபயாஷி, தயாரிப்பாளர் எய்ஜி அயோனுமா. ஹைரூல் ராஜ்யத்தின் நிலப்பரப்பும் அதுவேதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ‘ஒத்திகை’ப் பேச்சு நிற்காது.

முதல் ஆட்டத்தின் பலம் அதன் பரப்பளவில் இல்லை, அந்த நிலம் நமக்குக் காட்டிய முரண்டில் இருந்தது. தொடக்கப் பீடபூமியில் பனிமலை ஒன்று உண்டு. வெறும் சட்டையோடு ஏறினால் நாயகன் லிங்க் நடுங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உயிர் குறையும். மிளகாய் போட்டுச் சமைத்துத் தின்றுவிட்டு ஏறலாம், தீப்பந்தத்தைக் கையில் பிடித்தபடி போகலாம், கம்பளிச் சட்டை கிடைக்கும் வழியைக் கண்டுபிடிக்கலாம். இப்படித்தான் செய் என்று யாரும் சொல்வதில்லை. பாறையில் ஏறும்போது மூச்சு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். உச்சிக்கு இன்னும் நாலு கையளவு இருக்கும்போது மழை பிடித்துக்கொள்ளும், கை வழுக்கும். ‘சே’ என்று ஒரு பாறையிடுக்கில் ஒதுங்கி நிற்போம். அப்படி நின்ற நேரத்தில் கண்ணில் பட்டதுதான் பலருக்கு அடுத்த பயணம். எவ்வளவு தூரம் போனாலும் அதற்கு ஏதாவது விலை கொடுத்தாக வேண்டும். அதனால்தான் போய்ச் சேர்ந்த இடம் மனதில் தங்கியது.

தொடர்ச்சியின் பெரிய கொடை ‘அல்ட்ராஹேண்ட்’. கண்ணில் படும் பலகை, சக்கரம், காற்றாடி, ராக்கெட் எதையும் தூக்கித் திருப்பிப் பச்சைப் பசையால் ஒட்டலாம். ஒட்டியது உண்மைப் பொருளைப் போலவே நடந்துகொள்ளும்: கனம் ஒருபக்கம் சாய்ந்தால் கவிழும், சக்கரம் கோணினால் வண்டி வட்டமடிக்கும். இந்த ஏற்பாட்டுக்காக உலகத்தில் உள்ள பொருட்களையெல்லாம் இயற்பியல் விதிக்குள் கொண்டுவர வேண்டியிருந்ததை, இதை உருவாக்கியவர்களே 2024இல் கேம் உருவாக்குநர் மாநாட்டில் விளக்கினார்கள். சாதாரணக் காரியம் இல்லை. ஆற்றைக் கடக்கப் பத்துப் பலகைகளை வரிசையாக ஒட்டி, கோணல்மாணலாக ஒரு பாலத்தை நிறுத்தி, அது உடையாமல் தாங்கும்போது வரும் சிரிப்பை வேறு எந்த கேமும் எனக்குத் தந்ததில்லை. தொழில்நுட்பத் திறமையை மட்டும் எடைபோடுவதென்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம்.

அந்தத் திறமைதான் நிலத்தைத் தோற்கடிக்கிறது. இரண்டு காற்றாடி, நடுவே ஒரு திசைமாற்றும் கம்பம், அவ்வளவுதான்: பறக்கும் பைக் தயார். உலகம் முழுக்க ஆடியவர்கள் சீக்கிரமே இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆரம்பத்தில் பேட்டரி சட்டென்று தீர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் பேட்டரியைப் பெருக்கிக்கொண்டால், செய்ததை மறுபடி தானாகக் கட்டித்தரும் ‘ஆட்டோபில்ட்’டும் கையில் இருந்தால், மலை மலையாக இருப்பதில்லை. மழை வந்தாலும் கவலையில்லை. மேலே ஏறி, நேராகப் போய், இறங்கிவிடுகிறோம். வழியில் இருந்ததெல்லாம் வழியிலேயே கிடக்கிறது.

‘பிடிக்காவிட்டால் அதைப் பயன்படுத்தாதீர்கள்’ என்பது இதற்கு வழக்கமான பதில். முன்னதிலும் உயரே தூக்கிவிடும் ரெவாலியின் காற்று இருந்ததே என்றும் கேட்கலாம். இருந்தது. ஆனால் அது மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து உதவாது. திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும், கிடைக்கவே ஒரு ராட்சத இயந்திரப் பறவையை அடக்க வேண்டும். சுவை கெடாமல் இருக்க எவ்வளவு அளக்க வேண்டும் என்ற கணக்கை அங்கே வடிவமைப்பாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். இங்கே அதை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

அதே வரைபடத்தை மறுபடி பயன்படுத்தியதை மட்டும் குற்றமாகச் சொல்ல மாட்டேன். இதே வரிசையில் 1998இல் ‘ஒகரினா ஆஃப் டைம்’ வந்தபின், அதன் உருவங்களையும் இயந்திரத்தையும் வைத்தே 2000இல் ‘மஜோராஸ் மாஸ்க்’ வந்தது. அதை இயக்கியவர்களில் அயோனுமாவும் ஒருவர். பழைய முகங்களையே புது ஊரில் இறக்கி, மூன்று நாளில் நிலவு விழுந்து உலகம் அழியும் என்ற கெடுவையும் வைத்தார்கள். பொருள் பழையது, உணர்வு முற்றிலும் வேறு. அந்த அளவுகோலை இங்கே வைத்தால்தான் இடிக்கிறது. மேலே வானத்தீவுகள், கீழே ‘டெப்த்ஸ்’ என்ற பாதாளம், இரண்டும் புதிது. தொடக்க வானத்தீவு செதுக்கி வைத்தது போல இருக்கிறது. அதற்குப்பின் வருபவை ஒரே மாதிரித் துண்டுகளின் வேறுவேறு அடுக்குகள். பாதாளத்தின் யோசனை அபாரம்: மேலே மலை இருக்கும் இடத்தில் கீழே பள்ளம், மேலே ஆறு ஓடும் இடத்தில் கீழே சுவர், மேலே கோயில் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே இருட்டை விரட்டும் ஒளிவேர். இதை நானாகக் கண்டுபிடித்த கணம் உண்மையிலேயே சிலிர்த்தது. ஆனால் யோசனை புரிந்தபிறகு அங்கே மிஞ்சுவது ஒரே நிறத்து இருட்டும் தாதுக்கற்களும்தான். பத்து மணி நேரத்தில் அலுப்பு தட்டிவிடுகிறது.

சரிசெய்த குறைகளையும் சொல்லியாக வேண்டும். பொசுக்பொசுக்கென்று உடையும் ஆயுதங்கள் முன்னதில் பலருக்கு எரிச்சல். இப்போது அரக்கனின் கொம்பைத் துருப்பிடித்த வாளில் ஒட்டினால் அது கூர்மையாகிறது, ஆகவே சண்டை போடுவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. எதிரிகளில் வகை கூடியிருக்கிறது. முன்னதில் நான்கு இயந்திர மிருகங்களின் உள்ளும் ஏறக்குறைய ஒன்று போலவே இருந்தது. இங்கே பனிப்புயலுக்குள், மிதக்கும் பழங்கப்பல்களில் துள்ளித்துள்ளி, சிறுவன் டுலின் கிளப்பும் காற்றில் மேலே மேலே போய்க் காற்றுக்கோயிலை அடையும் அந்த ஒரு பகுதிக்கு முன்னதில் ஈடே இல்லை. மற்றபடி துணைக்கு வரும் முனிவர்களின் சக்தியைப் பயன்படுத்த, சண்டைக்கு நடுவே அவர்கள் பின்னால் ஓடி பொத்தானை அழுத்த வேண்டியிருப்பதை யார் ஒப்புக்கொண்டார்களோ தெரியவில்லை.

கதையில்தான் சறுக்கல் பெரிது. இரண்டு ஆட்டங்களும் நினைவுத்துண்டுகளை எந்த வரிசையிலும் பார்க்க விடுகின்றன. முன்னதில் இது பொருந்தியது. நூறு ஆண்டுக்கு முன்பே எல்லாம் தோற்றுப்போய்விட்டது என்று முதலிலேயே தெரியும், அந்தத் தோல்வியில் போன மனிதர்கள் யார் என்பதே கேள்வி. எந்தத் துண்டு முதலில் வந்தாலும் கெடுதல் இல்லை. தொடர்ச்சியிலோ இளவரசி செல்டாவுக்கு என்ன ஆயிற்று என்ற மர்மம் இருக்கிறது. மர்மத்துக்கு வரிசை வேண்டும். வரிசையைக் குறிப்பால் உணர்த்தும் சுவர்ப்படம் ஒன்று உண்டுதான், அதைக் கவனிக்காமல் கண்ட இடத்தில் இறங்கியவர்களுக்கு முடிச்சு முதலிலேயே அவிழ்ந்துவிடும். நான்கு கோயில்களின் முடிவிலும் அந்த முனிவர்களின் நான்கு முன்னோர்கள் வந்து ஏறக்குறைய அதே போர்க்கதையை அதே தொனியில் சொல்கிறார்கள். இரண்டாவது முறையே கை தானாகத் ‘தவிர்’ பொத்தானுக்குப் போகிறது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பொன் இருக்கிறது. முதல் சில மணி நேரத்திலிருந்தே வானத்தில் வெண்ணிற டிராகன் ஒன்று மெல்லச் சுற்றி வருகிறது. அது செல்டா. கடந்த காலத்தில் மாட்டிக்கொண்டவள், லிங்கின் உடைந்த வாள் மறுபடி வலுப்பெற, தன் நினைவையே விட்டுக்கொடுத்து டிராகனாகி யுகங்களைக் கடந்து பறக்கிறாள். வாள் அவள் நெற்றியில் செருகியிருக்கிறது. நாமே பறந்து போய் அவள் முதுகில் இறங்கி, தலைவரை நடந்து, அதை உருவ வேண்டும். சொல்லாமல் வைத்த கதை, நிலத்தோடு கலந்த கதை: முன்னது சாதித்த எதையும் விட உயர்ந்தது. அதை இறுதிக் காட்சியில் ஒரே அசைப்பில் திருப்பிக்கொண்டார்கள். அவள் மனுஷியாகிவிடுகிறாள், தொடக்கத்தில் லிங்க் இழந்த கையும் திரும்பி வந்துவிடுகிறது. கொடுத்த விலையை முழுதாகத் திருப்பித் தந்தபின் அந்தத் தியாகத்தை என்னவென்று எடுத்துக்கொள்வது?

ஆகவே என் தீர்ப்பு: கைவினையில் தொடர்ச்சி ஒரு படி மேல், ஆட்டமாக ஒரு படி கீழ். கோயில்கள், எதிரிகள், ஆயுதங்கள் என்று தனித்தனியாக எண்ணினால் தொடர்ச்சிதான் ஜெயிக்கும், அந்தப் பட்டியலை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றை ஒன்றாகப் பிடித்திருந்த சரடு, அந்த நிலத்தின் முரண்டு, இதில் தளர்ந்துவிட்டது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர் 2017இல் வந்ததை எடுக்கட்டும். இரண்டையும் ஆடப்போகிறவர் தொடர்ச்சியில் அந்த இரட்டைக் காற்றாடி பைக்கை மட்டும் கட்டாமல் இருந்தால் பாதிக் குறை குறையும். அதைக் கட்டவிடாமல் தடுப்பது நின்டெண்டோ செய்திருக்க வேண்டிய வேலை.