இமாரத்: ஒரு சொல் சுருங்கிய கதை

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ உருது பேசும் ஒருவரிடம் ‘இமாரத்’ என்றால் என்னவென்று கேட்டால், கட்டிடம் என்று உடனே சொல்வார். அச்சொல்லின் அரபு மூலமான ‘இமாரா’ அதனினும் விரிந்தது. கட்டுதல், மக்களால் நிரப்புதல், பழுதுநீக்கிப் பேணுதல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். அத்தவ்பா அத்தியாயத்தின் 18-ஆம் வசனம் பள்ளிவாசல்களைப் பற்றிப் பேசுமிடத்தில் இவ்வேரிலிருந்து பிறந்த வினையே வருகிறது. விரிவுரையாளர்கள் அதில் தொழுகையால் உயிர்ப்பித்தலையும் பராமரித்தலையும் சேர்த்தே கண்டனர். நம் பகுதியிலோ அச்சொல் கட்டிடத்தோடு நின்றுவிட்டது. சொல்லோடு செயலும் சுருங்கிற்று என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

கொடையில் குறை வைத்த மண்ணன்று இது. 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1924-இல் தோல் வணிகர் காகா முஹம்மது உமர் ஸாஹிப் நிறுவிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம், மேல்விஷாரத்து நவாப் சி. அப்துல் ஹக்கீம் ஸாஹிப் சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே பயணிகளுக்காக எழுப்பிய சித்தீக் சராய் ஆகியவை பாலாற்றங்கரைத் தோல் வணிகர்களின் கைகளுக்குச் சான்று. கேட்டவுடன் கொடுக்கும் பழக்கம் இவ்வூர்களில் இன்றும் அற்றுப்போகவில்லை. ஆயினும் தெருவுக்குத் தெரு நின்ற பழைய பள்ளிவாசல்களும் முற்றம் வைத்த வீடுகளும் மறைந்து வருகின்றன. பணமில்லாமையால் அழிந்தவை சில. பணம் வந்ததால் அழிந்தவையே மிகுதி.

வசூல் நடக்கும் முறையைக் கவனித்தால் இது விளங்கும். ‘புதிய கட்டிட நிதி’ என்று ரசீதுப் புத்தகம் அச்சடித்தால் ஒரு வெள்ளிக்கிழமையிலேயே கணிசமான தொகை சேர்ந்துவிடும். ‘கூரையின் ஒழுக்கை அடைக்க’ என்று கேட்டால் சில்லறையே விழும். புதிய மினாராவில் கொடையாளியின் பெயரைச் சலவைக்கல்லில் பொறிக்கலாம். மழைநீர்க் குழாயைத் தூர்வாரியதற்குக் கல்வெட்டு வைப்பார் எவருமிலர். எனவே நிர்வாகிகள் எளிய வழியைத் தேர்கின்றனர்: பழுதுபார்க்காமல் சில ஆண்டுகள் விட்டு, பின்னர் ‘பாழடைந்துவிட்டது’ என்று அறிவித்து இடிப்பது. நான் அறிந்த ஒரு மஹல்லாவில் தேக்கு உத்தரங்கள் எடைக்கு விற்கப்பட்டன. அத்தொகை புதுத் தரையின் ஒரு மூலைக்கும் போதவில்லை.

தொழிலின் ஏற்றத்தாழ்வும் இதில் சேர்கிறது. 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் முழுப்பதத் தோலும் காலணியும் வளர்ந்தன, கொடையும் பெருகிற்று. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கழிவுநீர் குறித்துத் தீர்ப்பளித்தபோது பல தொழிற்கூடங்கள் நெருக்கடிக்குள்ளாயின. ஆண்டுதோறும் தேவைப்படும் பராமரிப்பை இவ்வாறு ஏறி இறங்கும் வணிக இலாபத்தின்மீது மட்டும் நிறுத்தினால், செழித்த ஆண்டில் இடிப்பும் மெலிந்த ஆண்டில் ஒழுக்குமே மிஞ்சும்.

நம் முன்னோர் இதை வேறுவிதமாகச் சமாளித்தனர். ரமளானுக்கு முன் சுவர்களுக்குச் சுண்ணாம்படிப்பது வெறும் அலங்காரமன்று. சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். ஆண்டுக்கொரு பூச்சு அதன் சிறு வெடிப்புகளை மூடும். அதன்மேல் சிமெண்டையும் எண்ணெய் வண்ணத்தையும் ஏற்றியபோது ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைப் பெயர்த்தது. ஒரு வாளிச் சுண்ணாம்பில் முடிந்த வேலை இலட்சங்களின் வேலையாயிற்று.

இனி ஃபிக்ஹு என்ன சொல்கிறதென்று பார்ப்போம். இப்பகுதியினர் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான இமாம் மர்ஃகீனானீயின் (ரஹ்) ஹிதாயா, வக்ஃபின் வருவாயில் முதற்செலவு அதன் பழுதுநீக்கலே என்கிறது. வக்ஃபு செய்தவர் அதை நிபந்தனையாக்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியே. காரணம் எளியது: அவர் நாடியது நிலைபேறு, பழுதுநீக்காமல் நிலைபேறில்லை. அப்பழுதுநீக்கலுக்கும் எல்லை உண்டு. வக்ஃபு செய்யப்பட்டபோது இருந்த நிலையைக் காப்பதே கடமை; அதற்குமேல் அவ்வருவாயைக் கொண்டு பெருக்குவது கடமையில் அடங்காது. இன்றைய தொல்பொருள் வல்லுநர் சொல்லும் நெறியும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் கையில் இருந்ததை வெளியிலிருந்து இரவல் வாங்க வேண்டியதில்லை.

தொகை முழுவதையும் செலவழிக்காமல் முதலாக நிறுத்தி, அதன் வருவாயை மட்டும் எடுக்கும் வழியும் புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டு உதுமானிய நாட்டில் பண வக்ஃபை அபுஸ்ஸுஊத் ஆதரித்ததும் பிர்கவீ மறுத்ததும் கற்றோர் அறிந்ததே. பணத்தில் தயக்கமுள்ளோர் சித்தீக் சராயைப் போலக் கட்டிடமாகவே வக்ஃபு செய்து, நான்கு கடைகளின் வாடகையை ஒதுக்கலாமே!

மாலி நாட்டின் ஜென்னே நகரப் பள்ளிவாசல் 1907-இல் மண்ணால் கட்டப்பட்டது. ஆண்டுதோறும் ஒருநாள் ஊரே திரண்டு ஆற்று மண்ணைக் குழைத்துச் சுமந்து அதைப் பூசுகிறது. கொத்தர்கள் முன்னின்று நடத்துகின்றனர். அங்கே வசூலும் வேலையும் திருவிழாவும் ஒன்றே. ஏழை நாடு அது.

அரசே காக்கட்டும் என்போருக்கு வேலூர்க் கோட்டை விடை தரும். அங்குள்ள பள்ளிவாசலைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது, தொழுகைக்கு அனுமதியில்லை. கல் நிற்கிறது, இமாராவின் இரண்டாம் பொருள் இல்லை. அதே கோட்டையின் ஜலகண்டேஸ்வரர் ஆலயத்தில் 1981-இல் வழிபாடு மீண்டதற்கு ஊர்மக்களின் முயற்சியே காரணம் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

இவ்விஷயம் அழகுணர்ச்சியோடு முடிந்துவிடவில்லை. 2025-ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டினால் மட்டுமே ஒன்றை வக்ஃபாகக் கொள்ளும் முறையை இனிவரும் காலத்துக்கு நீக்கிவிட்டது. வக்ஃபுகளின் விவரங்களை இணையத்தில் பதிவேற்றவும் பணித்தது. அவ்வாறிருக்க, ஹிஜ்ரி ஆண்டு பொறித்த வாசற்கல்லும் கிணற்றடிக் கல்வெட்டும் மையவாடியின் மீஸான் கற்களும் வெறும் பழம்பொருள்களல்ல, சாட்சிகள். இடிப்பு வேலையில் அவை ஜல்லியாகின்றன. அடுத்த முறை ரசீதுப் புத்தகத்தோடு வருபவரிடம், பழைய வாசற்கல் எங்கே வைக்கப்படும் என்று கேட்டபிறகே பணப்பையைத் திறக்கலாம்.