பற்றும் பணித்திறனும்: ஒரு மதிப்பீடு

தாபனத்தின்பால் பற்று மிக்க ஊழியன் திறம்படப் பணியாற்றுவான் என்னும் கருத்து முகாமைத்துவ உலகில் ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே வழங்கி வருகின்றது. இவ்வாய்பாட்டின் வலிமை அதன் எளிமையில் தங்கியுள்ளது. பலவீனமும் அங்கேயே உள்ளது.

1974இல் போர்ட்டர் முதலானோர் தந்த வரையறை மூன்று கூறுகளைக் கொண்டது: தாபனத்தின் குறிக்கோள்களை ஏற்றல், அதன்பொருட்டு மிக உழைக்க விழைதல், அதில் நிலைத்திருக்க விரும்பல். 1979இல் வெளியான 15 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தும் இதனையே அடியொற்றியது. ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. உழைக்க விழைதலைப் பற்றின் வரையறைக்குள்ளேயே அடக்கிய பின்னர், பற்றுடையோர் நன்கு உழைக்கின்றனர் என முடிவுகட்டுவது ஓரளவு கூறியது கூறலேயாகும்.

இதனினும் முக்கியமானது, நிலைத்திருத்தல் என்னும் ஒரே செயலுக்குப் பின்னால் வேறுபட்ட உளநிலைகள் இருத்தல் கூடும் என்பதாகும். மெயரும் அவருடன் ஆய்ந்தோரும் 1989இல் உணவுச் சேவைத் தாபனமொன்றின் முதனிலை முகாமையாளரை ஆராய்ந்தனர். விருப்பினால் நிலைத்தோர் மேலதிகாரிகளின் மதிப்பீட்டில் பொதுவாக உயர்ந்து நின்றனர். விலகினால் இழப்பு நேருமென அஞ்சி நிலைத்தோர் தாழ்ந்து நின்றனர். ஒரே பெயர் பூண்ட இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இயங்கின. 1990இல் அலனும் மெயரும் கடப்பாட்டுணர்வால் நிலைத்தலை மூன்றாவது வகையாகச் சேர்த்தனர். செஞ்சோற்றுக்கடன் என்னும் வழக்கை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதியதன்று. தமையன் செயல் நெறிதவறியது எனக் கண்டும் அவன்பொருட்டுப் பொருத கம்பனின் கும்பகருணன், பற்று வேறு, உடன்பாடு வேறு என்பதற்குத் தக்க சான்றாவான்.

தொடர்பின் அளவும் மனங்கொள்ளத்தக்கது. முன்னைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கிய ரிக்கெற்றா 2002இல் கண்ட இணைவுக் குணகம் 0.20 மாத்திரமே. பணித்திறன் வேறுபாடுகளுள் நூற்றில் 4 பங்கே பற்றோடு இணைத்து விளங்கற்பாலது என்பது இதன் பொருள். எஞ்சியவற்றின் காரணங்களை ஆற்றல், பயிற்சி, வேலைச் சூழல் முதலானவற்றிலேயே தேடவேண்டும். அன்றியும், பணித்திறனைப் பெரும்பாலும் மேலதிகாரிகளே மதிப்பிடுவதால், பணிவுக்கு அளிக்கும் புள்ளி திறனுக்குரியதாகத் தோன்றிவிடவும் கூடும்.

வேறு தொழில் கிட்டாமையால் ஊழியன் வாய்மூடித் தங்கியிருத்தலைப் பற்றெனக் கணிக்கும் தாபனம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கின்றது. திறன் குன்றியவிடத்துப் பற்றில்லாதவன் என்னும் பழியும் ஊழியன் மீதே விழுகின்றது. ஆகவே, ஊழியன் பற்றுடையவனா என வினவுமுன், விலகிச் செல்லக்கூடிய நிலையிலும் அவன் தங்கியிருப்பானா என வினவுதலே நேர்மையாகும்.