தழும்பும் இலக்கியமும்

வயிற்றைக் கீறிக் குழந்தையை வெளியே எடுக்கும் சத்திரசிகிச்சை இன்று அரிதான நிகழ்ச்சியன்று. உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பின்படி, உலகில் நிகழும் பிரசவங்களில் 21 சதவீதம், அதாவது ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்டவை, இவ்வழியிலேயே நிகழ்கின்றன. இத்துணைப் பெருந்தொகையான பெண்கள் தம் உடலிற் சுமந்து திரியும் ஓர் அனுபவத்துக்கு இலக்கியம் எத்தகைய இடத்தை அளித்துள்ளது? இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோருக்கு விசித்திரமான உண்மையொன்று புலப்படும். இலக்கியத்திற் கத்தி உண்டு, குருதி உண்டு, பிறந்த வீரமகன் உண்டு. தையலிட்ட வயிற்றோடு எழுந்து நடந்து, மாறிப்போன தன் உடலோடு வாழப் பழகும் தாய்தான் அநேகமாக இல்லை.

சேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தை எடுத்துக்கொள்வோம். பெண் வயிற்றிற் பிறந்த எவனாலும் மக்பெத்துக்குத் தீங்கு நேராது என்பது சூனியக்காரிகள் காட்டிய உருவெளித் தோற்றத்தின் வாக்கு. இறுதியில் அவனைக் கொல்பவன் மக்டஃப். அவன் தாயின் வயிற்றிலிருந்து காலத்துக்கு முன் கிழித்தெடுக்கப்பட்டவன். நாடகத்தின் முடிச்சு முழுவதும் ஓர் எண்ணத்திலேயே தொங்குகிறது: கீறி எடுக்கப்பட்டவன் பெண்ணாற் பெறப்பட்டவன் அல்லன். அவ்வன்னைக்கு நாடகத்திற் பெயரில்லை. அவள் பட்ட வேதனைக்கு ஒரு வரியுமில்லை. அவளது வயிறு ஒரு விடுகதையின் விடையாக மட்டுமே பயன்படுகிறது.

இது நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கில நாடகமொன்றின் கற்பனைதானே என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நமது அன்றாடத் தமிழிலும் இதே எண்ணம் குடிகொண்டிருக்கிறது. இயல்பான வழியிற் பிறத்தலைச் ‘சுகப்பிரசவம்’ என்கிறோம். அவ்வாறாயின் மற்றையது எது? சத்திரசிகிச்சையாற் பிள்ளை பெற்றவளிடம், வலி தெரியாமற் பெற்றுவிட்டாய் என்று சொல்லும் உறவினர் எத்தனை பேர்! தான் முழுமையாகத் தாயாகவில்லையோ என்ற ஐயம் அவள் மனத்திற் புகுவதற்கு வேறொன்றும் வேண்டியதில்லை. தன் தழும்பை அவள் வெறுப்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று. அது ஒரு தோல்வியின் அடையாளம் என்று சமூகம் அவளுக்குக் கற்பித்திருக்கிறது.

இதற்கு மாறான பண்டைய சான்று ஒன்றும் உண்டு. பாரசீகக் கவிஞர் பிர்தௌசி 1010ஆம் ஆண்டளவில் நிறைவுசெய்த ‘ஷா நாமா’ என்னும் காவியத்தில் ருஸ்தம் என்ற வீரனின் பிறப்பு விரிவாகக் கூறப்படுகிறது. குழந்தை பெரிதாக வளர்ந்தமையாற் ருதாபா உயிருக்குப் போராடுகிறாள். சீமுர்க் என்னும் தெய்வப் பறவை வந்து வழி கூறுகிறது: அவளுக்கு மதுவூட்டி மயங்கச் செய்க, கைதேர்ந்தவன் ஒருவன் விலாவைக் கீறிக் குழந்தையை எடுக்கட்டும், பின் காயத்தைத் தைத்து மூலிகை இடுக, இறுதியில் என் இறகாலே தடவுக. தாய் பிழைக்கிறாள், கண்விழித்துத் தன் மகனைக் காண்கிறாள், துன்பத்தினின்று விடுபட்டேன் என்று அவள் கூறிய சொல்லிலிருந்தே மகனுக்குப் பெயரும் அமைகிறது. தாயின் வலியையும் தாயின் வாக்கையும் மதித்த இக்காவியப் பகுதி பெரிதும் போற்றத்தக்கது. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்த இறகு காயத்தை மாயமாக ஆற்றிவிடுகிறது. ஆறுவதற்குச் செல்லும் நாட்கள், எழுந்திருக்க முடியாத காலைகள், உணர்ச்சியற்ற தோல் ஆகியன காவியத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

பண்டைய ஆசிரியர்களைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அவர்கள் காலத்தில் இச்சிகிச்சை பெரும்பாலும் இறந்த அல்லது இறந்துகொண்டிருந்த தாயின் வயிற்றிலேயே செய்யப்பட்டது. வாழ்ந்து தழும்பைப் பார்க்கக்கூடிய தாயர் மிகச் சிலரே இருந்தனர். ஜெர்மானிய வைத்தியர் மக்ஸ் சேங்கர், கீறப்பட்ட கருப்பையை வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் தைக்கும் முறையை 1882இல் விளக்கியதன் பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. அடிவயிற்றிற் குறுக்காகக் கீறும் முறையைப் பன்னென்ஸ்டீல் 1900இல் வெளியிட்டார். கிருமிநீக்கமும், மயக்கமருந்தும், பிற்காலத்திற் கிருமியெதிர் மருந்துகளும் இரத்தமேற்றலும் சேர்ந்து தாயைப் பிழைக்கவைத்தன. அதாவது, தழும்போடு வாழும் தாய் என்பவள் விஞ்ஞான வளர்ச்சி உலகுக்கு அளித்த புதிய மனிதப் பிறவி. புதிய வாழ்க்கை தோன்றினால் அதைச் சொல்லும் இலக்கியமும் தோன்ற வேண்டுமல்லவா?

ஆனால் நவீன யதார்த்தவாதிகளிடமும் நாம் ஏமாற்றமே அடைகிறோம். ஏனெஸ்ட் ஹெமிங்வே 1924இல் வெளியிட்ட ‘இந்தியன் காம்ப்’ என்ற சிறுகதை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணொருத்தி இரண்டு நாட்களாகப் பிள்ளை பெற முடியாது தவிக்கிறாள். வெள்ளை வைத்தியர் மயக்கமருந்து இல்லாமலே மடக்குக் கத்தியால் வயிற்றைக் கீறித் தூண்டில் நரம்பினால் தைக்கிறார். அவளது அலறல் முக்கியமன்று, ஆதலால் அது தமக்குக் கேட்பதில்லை என்று தம் மகனிடம் கூறுகிறார். எல்லாம் முடிந்தபின், வைத்தியச் சஞ்சிகையில் எழுதத்தக்க சாதனை என்று பெருமிதம் கொள்கிறார். மேற்கட்டிலிற் கிடந்த கணவனோ தன் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்து கிடக்கிறான்.

வைத்தியரின் செருக்கையும், இனத்தாலும் வர்க்கத்தாலும் தாழ்த்தப்பட்ட பெண்ணின் உடல் எவ்வளவு மலிவாகக் கருதப்பட்டது என்பதையும் ஆசிரியர் அம்பலப்படுத்துகிறார் என்பதை ஏற்கலாம். கதையின் வலிமையும் அதுவே. ஆனால் கதை எவரோடு செல்கிறது? சிறுவனோடும் தந்தையோடும் படகில் ஏறித் திரும்பிவிடுகிறது. வெளிறிய முகத்தோடு கண்மூடிக் கிடந்த அந்தப் பெண், கணவனையும் இழந்த நிலையில், அடுத்த வாரம் அவ்வயிற்றோடு எப்படி எழுந்து நின்றாள்? கதைக்கு அது வேண்டியதில்லை. வைத்தியரின் செவிட்டுத்தன்மையைச் சாடும் கதையே அப்பெண்ணைப் பொறுத்தவரை செவிடாகிவிடுகிறது. அதே ஆசிரியரின் ‘எ பெயார்வெல் டு ஆம்ஸ்’ நாவலிலும் (1929) சத்திரசிகிச்சைக்கு உள்ளாகும் நாயகி குருதிப்போக்கினால் இறந்துவிடுகிறாள். மழையில் நடந்து செல்லும் நாயகனின் துயரமே எஞ்சுகிறது.

இலக்கியம் காணாத இடத்தை ஒரு புகைப்படக் கலைஞர் கண்டார். ஒல்லாந்து நாட்டவரான றினெக்க டைக்ஸ்ட்ரா 1994இல் அண்மையிற் பிள்ளை பெற்ற மூன்று பெண்களைப் படம் பிடித்தார். பெற்று ஒரு மணி நேரமானவள், ஒரு நாளானவள், ஒரு வாரமானவள் என்போர் அம்மூவர். வெறுஞ்சுவரின் முன் ஆடையின்றிக் குழந்தையை மார்போடணைத்து நேரே நம்மைப் பார்த்து நிற்கின்றனர். மூன்றாமவளின் அடிவயிற்றிற் சத்திரசிகிச்சைத் தழும்பு தெரிகிறது. அதை அவள் மறைக்கவுமில்லை; காட்டிப் பெருமை கொள்ளவுமில்லை. அவள் நிற்கிறாள், அவ்வளவுதான். அவள் சோர்ந்தவள், அதேவேளை உறுதியானவள். தேவாலய ஓவியங்களிற் காணும் களங்கமற்ற அன்னையையோ விளம்பரங்களிற் காணும் மெலிந்த அன்னையையோ இங்கே காணமுடியாது. இவ்வெளிமையே அப்படத்தின் சிறப்பாகும்.

இவ்விடத்தில் நமது மரபை நினைவுகூர்தல் பொருந்தும். விழுப்புண் படாத நாட்களை வீணான நாட்களாக எண்ணும் வீரனைத் திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் காட்டுகிறது. மார்பிற் பட்ட வடு புகழாயிற்று. வயிற்றிற் பட்ட வடு சேலைக்குள் மறைந்தது. ஆகவே தாயின் தழும்பையும் விழுப்புண்ணாகப் போற்றுவோம் என இன்று சிலர் கூறுகின்றனர். நல்லெண்ணம் தான். எனினும் இதனை நாம் அவ்வாறே ஏற்பதற்கில்லை. வீரனின் புண்ணைப் புகழ்ந்த சமுதாயம், அவன் மீண்டும் போருக்குச் செல்ல வேண்டும் என்பதற்காகவே புகழ்ந்தது. தாயின் புண்ணைப் பதக்கமாக்கினால், அதைக் கண்டு பெருமை கொள்ள முடியாத பெண் இரண்டாம் முறையும் குற்றவாளியாவாள். வெட்கப்படும்படி கட்டளையிடுவதும் பெருமைப்படும்படி கட்டளையிடுவதும், அவள் என்ன உணர்கிறாள் என்று கேளாதிருப்பதில் ஒன்றேயாகும்.

அவள் உணர்வது என்ன? நரம்புகள் அறுபட்டமையாற் தழும்பைச் சுற்றியுள்ள தோல் பல மாதங்கள் மரத்திருக்கும். சிலருக்கு உணர்ச்சி முழுமையாகத் திரும்புவதேயில்லை. இருமினாலும் சிரித்தாலும் காயம் இழுக்கும். தழும்பின் மேல் வயிறு மடிந்து தொங்கலாம். கருந்தோலுடையோரிடத்தில் அது தடித்து மேலெழுவதும் அதிகம். நிறம் மங்க ஓராண்டும் அதற்கு மேலும் செல்லும். கண்ணாடியிற் பார்க்கவும் கையாற் தொடவும் அஞ்சும் பெண், அச்சம் தெளிந்து அதைத் தன் உடலின் ஒரு பகுதியாக அறிந்துகொள்வது மெதுவாக நிகழும் செயல். அச்செயல் மனவுறுதியால் மட்டும் நிறைவேறுவதில்லை. ஓய்வு வேண்டும், தண்ணீர்க் குடத்தைத் தூக்க வேறொரு கை வேண்டும், அருவருப்பின்றி நோக்கும் கணவனின் கண் வேண்டும். நம் நாட்டில் 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளைக்கும் 84 நாள் விடுமுறை என்றாயிற்று. நிரந்தரத் தொழிலின்றி நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கோ இவ்வுரிமை பெரும்பாலும் ஏட்டளவிலேயே நிற்கிறது. வசதியுள்ளவள் தழும்பை மறைக்கப் பணம் செலவிடுகிறாள். வசதியற்றவள் அது ஆறுமுன்னே சுமை தூக்குகிறாள். தன் உடலோடு சமாதானம் கொள்ளுதல் என்பதும் இவ்வாறு வர்க்கப் பிரச்சினையாகிறது.

எனவே நம் எழுத்தாளரிடம், சிறப்பாக இத்தழும்பைச் சுமக்கும் பெண் எழுத்தாளரிடம், நாம் எதிர்பார்ப்பது புதிய புகழ்மாலையன்று. தையலிட்ட பின் வைத்தியரோடு வெளியேறிவிடாது, கட்டிலருகே தங்கியிருக்கும் ஓர் எழுத்து வேண்டும். முதன்முறை எழுந்து நிற்கும் பெண்ணின் பத்து அடிகளை, ஒரு போரை விவரிக்கும் கவனத்தோடு விவரிக்கும் எழுத்து வேண்டும். அது தோன்றும்போது, சத்திரசிகிச்சையாற் பெற்றவளும் பெற்றவளே என்பதை நம் மொழியும் கற்றுக்கொள்ளும்.