வாசலருகே ஓர் அறை: செந்தோசாவா, தேக்காவா?

சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் வீட்டில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: “யூனிவர்சல் ஸ்டூடியோ பக்கத்துலயே ரூம் போட்டுட்டா அலைச்சல் இல்ல.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த நியாயத்துக்கு ஒவ்வோர் இரவும் வாடகை கொடுக்க வேண்டியிருப்பதால், அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

2010-இல் திறக்கப்பட்ட யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர், செந்தோசாத் தீவில் சுமார் 20 ஹெக்டேரில் இருக்கிறது. உலகத் தீம் பார்க்குகளில் இது சிறியது. ஒரு முழு நாள் போதும். ஆனால் சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ போகிற குடும்பம் நான்கைந்து நாள் தங்கும். ஆகவே பார்க் எவ்வளவு தூரம் என்று கேட்டால் போதாது. அந்த அருகாமையை இந்தப் பயணத்தில் எத்தனை முறை பயன்படுத்தப்போகிறோம் என்பதையும் கேட்க வேண்டும்.

முதலில் தூரம். தேக்கா என்று உள்ளூர்த் தமிழர்கள் சொல்லும் லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையமும், செந்தோசாவுக்கு வாயிலான ஹார்பர்ஃபிரண்ட் நிலையமும் ஒரே வடகிழக்குப் பாதையில் இருக்கின்றன. டோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க், அடுத்தது ஹார்பர்ஃபிரண்ட். வண்டி மாறத் தேவையில்லை; கால்மணி நேரத்துக்குள் முடிகிற பயணம். அங்கே விவோசிட்டி மாலின் மூன்றாம் தளத்தில் மோனோரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ரிசார்ட்ஸ் வேர்ல்டு. நடக்கப் பிடித்தவர்களுக்குக் கடல்மேல் பலகைப்பாதை உண்டு, நடந்து போனால் தீவுக்குள் நுழையக் கட்டணமில்லை. விடுதியிலிருந்து நிலையத்துக்கு நடப்பதையும் சேர்த்து, தாராளமாக முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். செந்தோசா அறை மிச்சப்படுத்துவது அந்த ஒரு நாளின் போகவர ஒன்றரை மணி நேரத்தைத்தான்.

அந்த மிச்சம் விடியற்காலைத் தூக்கமாக இருந்தால் விலை உண்டு. ஆனால் பார்க் பொதுவாகக் காலை 10 மணி வாக்கில்தான் திறக்கிறது. தேக்காவில் எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் வரிசையின் முன்பக்கம் நிற்கலாம். பல நாள்களில் மாலை 7 மணி வாக்கில் மூடிவிடுவதால், நள்ளிரவில் தூங்கும் பிள்ளையைத் தோளில் சுமந்து ஊர் திரும்பும் சிரமமும் இல்லை.

அந்தச் சிரமம் வேறோர் இடத்தில் காத்திருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடாத நைட் சஃபாரி, சிங்கப்பூரின் வடக்கே மண்டாயில் இருக்கிறது. செந்தோசா தென்கோடி. இரவு பதினொரு மணிக்கு மண்டாயிலிருந்து செந்தோசாவுக்குத் திரும்பும்போது நாட்டை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்க வேண்டும். தேக்காவில் தங்கினால் வழியிலேயே இறங்கிவிடலாம். ஒரு நாள் அலைச்சலைக் குறைக்கப் போட்ட அறை, மற்ற நாள்களின் அலைச்சலைக் கூட்டிவிடுகிறது.

அடுத்து, அறையோடு வேறென்ன கிடைக்கிறது? ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் இந்தக் கேள்விக்குக் கனமான பதில் இருக்கிறது. டிஸ்னி வேர்ல்டின் விடுதிகளில் தங்குவோர் மற்றவர்களுக்கு அரைமணி முன்பே பார்க்குகளுக்குள் நுழையலாம். யூனிவர்சலின் உயர்வகை விடுதிகள் மூன்றில், அங்குள்ள இரண்டு பழைய பார்க்குகளுக்கு வரிசையைத் தாண்டும் எக்ஸ்பிரஸ் சீட்டு அறை வாடகையிலேயே அடக்கம். அங்கே விற்கப்படுவது நேரமும்தான். சிங்கப்பூரில் எக்ஸ்பிரஸ் சீட்டு தனி வியாபாரம். சில தொகுப்புகளில் அறையோடு கட்டித் தரலாம், அப்போதும் அதன் விலை உள்ளே ஒளிந்திருக்கும். ஆர்லாண்டோ போய்வந்தவர்களின் ‘பார்க் விடுதியே நல்லது’ என்ற அறிவுரையை அப்படியே செந்தோசாவுக்குப் பொருத்தக் கூடாது என்பது இதனால்தான்.

எதிர்த்தரப்புக்கும் வலுவான வாதம் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கும் ஊர் இது. மதிய வெயிலில் புழுக்கம் பிழிந்தெடுக்கும், மின்னலோடு மழை வந்தால் திறந்தவெளி சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் பத்து நிமிடத்தில் அறைக்குப் போய், குழந்தையைத் தூங்கவைத்து, நான்கு மணிக்கு மீண்டும் வர முடிந்தால் அந்த நாளே வேறாகிவிடும். மூன்று வயதுக் குழந்தையும் முழங்கால் வலிக்கிற பாட்டியும் உள்ள குடும்பத்துக்கு இது ஆடம்பரமில்லை. பெரிய சவாரிகளுக்கு உயர வரம்பு வேறு: டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ., மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. அண்ணன் வரிசையில் நிற்கையில் தம்பிக்கு வேலையில்லை. அவனை அம்மாவோ தாத்தாவோ நீச்சல்குளத்துக்கு அழைத்துப்போக, அருகில் அறை இருந்தால்தான் ஆகும்.

தேக்காவின் குறைகளையும் மறைக்க வேண்டாம். சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள மலிவு விடுதிகளின் அறைகள் சிறியவை. சிலவற்றில் ஜன்னலே கிடையாது. படத்தைப் பார்த்து ஏமாறாமல் ‘ஜன்னல் உண்டா’ என்று படித்துப் பார்க்க வேண்டும். பல அறைகள் இருவருக்கானவை. நால்வருக்கு இரண்டு அறை என்றானதும் மலிவு பாதியாகக் கரைகிறது. செந்தோசாவின் குடும்ப விடுதிகள் சிலவற்றில் நால்வருக்கான ஒரே அறை கிடைக்கும். எனவே ஒப்பிடும்போது அறைக்கு அறை வைக்காமல், குடும்பம் முழுவதும் படுக்க ஆகும் தொகையை வைக்க வேண்டும். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அறை 239 வெள்ளி 80 காசாகிவிடும். தவிர, ஞாயிறு மாலைகளில் தேக்காவின் தெருக்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கூடுவதால் தள்ளுவண்டியோடு நடப்பது சிரமம்.

ஆனால் சாப்பாட்டுக் கணக்கில் தேக்கா எளிதாக முந்துகிறது. 1947-இலிருந்து நடக்கும் கோமள விலாஸ் முதல் தேக்கா நிலைய உணவங்காடி வரை, சைவம் சாப்பிடும் பாட்டிக்கும் தோசை தவிர எதையும் தொடாத பிள்ளைக்கும் மூன்று வேளையும் வழி இருக்கிறது. தீவுக்குள் அந்தத் தேர்வு குறைவு, விலை அதிகம். ஒரு நாள் பார்க் உணவைச் சமாளித்துவிடலாம், ஐந்து நாளும் முடியாது.

மூன்றாம் வழிகளில் ஒன்று, யாரோ ஒருவர் வீட்டை வாடகைக்கு எடுத்துச் சமைத்துக்கொள்வது. சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டத்துக்குப் புறம்பு. இணையத்தில் விளம்பரம் கண்ணில் பட்டாலும் தொட வேண்டாம். மற்றொன்று, இடையில் விடுதி மாறுவது. இதற்கும் மறைவிலை உண்டு: பெட்டி கட்டி, நண்பகலுக்கு முன் காலிசெய்து, புது அறை பிற்பகலில் கிடைக்கும்வரை காத்திருந்தால் அரைநாள் போய்விடும். ஒரு நாள் பார்க்குக்காக இதைச் செய்தால், ஒன்றரை மணி நேரத்தை மிச்சப்படுத்த அரைநாளைச் செலவிட்டதாக ஆகும்.

அருகாமையை எத்தனை முறை பயன்படுத்துவோம் என்ற இந்த அளவுகோல் எப்போதும் பார்க் விடுதிக்கு எதிராகவே திரும்பும் என்று நினைக்கக் கூடாது. பாலத்துக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில், 2012-இல் திறந்த லெகோலேண்டுக்கு அதையே வைத்துப் பாருங்கள். விடுதி வாசலை ஒட்டியே இருக்கிறது. சுற்றுப்புறத்தில் நடந்துபோய்ப் பார்க்கும் ஊர் இல்லை. சிறு பிள்ளைகளுக்கான பார்க் என்பதால் மதியத் தூக்கம் கட்டாயம். லெகோ அறைகளே பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை. அங்கே வாசலருகே தங்குவதுதான் சரி.

செந்தோசாவுக்கு என் தீர்ப்பு இது. யூனிவர்சலுக்கு ஒரே நாள் ஒதுக்கிய, ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் உள்ள குடும்பம் வடகிழக்குப் பாதையில் லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் நிலையத்தை ஒட்டித் தங்கலாம். மிச்சமாகும் பணத்தில் தேவைப்பட்டால் எக்ஸ்பிரஸ் சீட்டு வாங்குங்கள். நேரத்தை மிச்சப்படுத்துவதில் அது அருகாமையை விடப் பலமடங்கு உதவும். யூனிவர்சலோடு அட்வென்ச்சர் கோவ் நீர்ப்பூங்காவும் ஓஷனேரியமும் சேர்த்துத் தீவிலேயே அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் கழிப்பவர்களும், கைக்குழந்தையோ நடக்க முடியாத முதியவரோ உடன் வருபவர்களும் அந்த இரவுகளுக்கு மட்டும் செந்தோசாவில் அறை எடுக்கலாம். அவர்களுக்கு அது விலைக்குத் தகும். பயணம் முழுவதும் அங்கேயே தங்குவது, சிங்கப்பூரில் வேறெங்கும் போகப்போவதில்லை என்று முடிவுசெய்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.