ஹஸ்கெல் மொழியின் வரைகலை நூலகங்கள்: ஓர் ஒப்பீட்டு நோக்கு

வரைகலை நூலகங்களை ஒப்பிட முற்படுவோர் பெரும்பாலும் வேகத்தையும் வசதிகளின் எண்ணிக்கையையுமே அளவுகோலாகக் கொள்வர். பயன்பாட்டு நோக்கில் அது தவறன்று. ஆயின் சார்பு நிரலாக்க மொழியொன்றின் நூலகங்களை மதிப்பிடுவதற்கு அவ்வளவுகோல் போதாது. ஒரு கோவை எவ்விடத்தில் நின்றாலும் ஒரே பெறுமானத்தையே தரும் என்பது அத்தகைய மொழியின் அடிப்படைக் கோட்பாடு. வரைதலோ இயல்பிலேயே ஒரு செயல்: நிறத்தை மாற்று, எழுதுகோலை நகர்த்து, கோட்டை இழு எனத் தொடரும் கட்டளைகளின் வரிசை. இம்முரண்பாட்டை ஒரு நூலகம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே விமர்சகன் எழுப்பவேண்டிய முதல் வினா. 1990இல் முதல் அறிக்கை வெளியான ஹஸ்கெல் மொழியின் திறந்த மூல நூலகங்கள் நான்கினை அவ்வினாவைக் கொண்டு நோக்குவோம்.

இவ்வினா ஹஸ்கெலுக்கு முற்பட்டது. 1982இல் பீற்றர் ஹெண்டர்சன், எஷர் என்னும் ஓவியரின் மீன்கள் நிறைந்த மரச்செதுக்கு ஓவியமொன்றைச் சார்புகளால் விவரித்துக் காட்டினார். படத்தைச் சுழற்றுதல், ஒன்றன் பக்கத்தில் மற்றொன்றை வைத்தல், ஒன்றன்மேல் மற்றொன்றை வைத்தல் முதலிய சில செயலிகளே அவருக்குப் போதுமாயின. படம் என்பது வரையப்படுவதற்கு முன்னரே ஒரு பெறுமானமாக இருத்தல் கூடும் என்பதை அவ்வாய்வு நிறுவியது.

இந்நோக்கிற்கு எதிர்முனையில் நிற்பது எச்ஓப்பன்ஜிஎல். ஓப்பன்ஜிஎல் இடைமுகத்தை ஹஸ்கெலுக்குள் கொண்டுவரும் இந்நூலகம், மூலத்தின் இயல்பை மறைக்க முயலவில்லை. நடப்பு நிறம், நடப்பு உருமாற்றம் ஆகிய நிலைகளை மாற்றிச் செல்லும் கட்டளைகள் இங்கும் கட்டளைகளே. வன்பொருளின் ஆற்றலை முழுமையாக வேண்டுவோர்க்கு இது இன்றியமையாதது. ஆனால் இங்கு மொழி ஹஸ்கெலாயினும் சிந்தனை ஹஸ்கெலுடையதன்று.

பென் லிப்மையர் உருவாக்கிய கிளாஸ், அதே ஓப்பன்ஜிஎல்லின்மேல் நின்றுகொண்டே அதனை மாணவரின் கண்ணிலிருந்து அகற்றிவிடுகிறது. வட்டம், பல்கோணி, பெயர்ச்சி, சுழற்சி, நிறம் ஆகியன ஒரே தரவு வகையின் உறுப்புகள். நேரத்தைப் பெற்றுப் படத்தைத் தரும் சார்பொன்றை எழுதினால் அசைவூட்டம் கிடைத்துவிடுகிறது. கற்பிப்பதற்கு இதனினும் எளிய வாயில் அரிது. எனினும் ஒவ்வோர் உருவத்தையும் ஆள்கூறுகளால் நாமே இடம் பார்த்து வைக்கவேண்டும். இரு படங்களை அடுத்தடுத்து நிறுத்தவேண்டுமாயின், அவற்றின் அகலத்தை நாமே கணித்தாகவேண்டும்.

இக்குறையைக் கோட்பாட்டு நிலையில் தீர்ப்பது பிரெண்ட் யோர்கி தொடக்கிவைத்த டயகிராம்ஸ். இதில் ஒவ்வொரு படமும் தன் எல்லையைத் தன்னுடனேயே கொண்டிருக்கிறது. அவ்வெல்லையும் ஒரு சார்பே: ஒரு திசையைக் கொடுத்தால், அத்திசையில் படம் எவ்வளவு தூரம் பரந்துள்ளது எனக் கூறும். ஆகவே ‘இதனருகே அது’ என்று சொல்வதே போதுமானது. மூன்று படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகையில் எந்த இரண்டை முதலில் இணைத்தாலும் விளைவு மாறாது. வெற்றுப் படத்தைச் சேர்த்தாலும் மாறாது. இவ்வியற்கணித ஒழுங்கே நூலகத்தின் முதுகெலும்பு என்பதை யோர்கி 2012ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் விளக்கியுள்ளார். இவ்வொழுங்கிற்குக் கொடுக்கவேண்டிய விலையும் உண்டு. சிறு பிழைக்கும் தொகுப்பி தரும் நீண்ட வகைப்பிழைச் செய்திகள் புதியவரை மிரளச் செய்வன.

ரிம் டொக்கரின் சார்ட் வேறொரு தேவைக்கு விடையளிக்கிறது. அளவீடுகளை வரைபாக்க விரும்பும் ஆய்வாளர் உருவங்களைப் பற்றிச் சிந்திக்க விரும்பார். அச்சுகளும் தொடர்களும் தலைப்புமே அவர் கருத்து. வரைபைத் தரவுக் கட்டமைப்பாக அமைத்து, வெளியீட்டைக் கைரோ அல்லது டயகிராம்ஸ் வழியாக நிகழ்த்தும் இந்நூலகம், விவரணத்தையும் வரைதலையும் பிரித்துவைப்பதில் வெற்றி கண்டுள்ளது. ஆயின் அது வழங்கும் வரைபு வகைகளுக்கு அப்பாற்பட்ட ஒன்றை ஆக்குவது எளிதன்று.

இக்கோட்பாடுகள் யாவும் சோதனைக்குள்ளாகுமிடம் எழுத்து. தமிழ் மாணவர் ஒருவர் தம் வரைபுக்குத் தமிழிலேயே பெயரிட விரும்புகிறார் எனக் கொள்வோம். கிளாஸின் எழுத்து வசதி ரோமன் கோட்டெழுத்துகளுடன் நின்றுவிடுகிறது. டயகிராம்ஸ், எஸ்விஜி வெளியீட்டில், சொல்லை அப்படியே உலாவியிடம் ஒப்படைக்கிறது. ‘கொ’ என்னும் எழுத்தின் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கவேண்டியதை உலாவி அறியும். ஆனால் அவ்வாறு ஒப்படைத்ததனாலேயே சொல்லின் அகலம் நூலகத்திற்குத் தெரியாமற் போகிறது. எழுத்தை வளைகோடுகளாக மாற்றும் துணை நூலகத்தை நாடினாலன்றி, அதன் எல்லை வெறுமையாகக் கொள்ளப்படும். அருகே வைத்த படம் எழுத்தின்மேல் ஏறிவிடும். தன் எல்லையைத் தானே அறிந்த படம் என்னும் கோட்பாடு இவ்விடத்தில் தளர்கிறது.

உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று நிர்ணயிப்பன என்பது நம் இலக்கிய விமர்சனத்திற் பழகிய கருத்து. மொழியின் இயல்போடு நூலகத்தின் இயல்பு எங்கு இயைகிறது என வினவின், டயகிராம்ஸே முதலிடம் பெறும். கற்கத் தொடங்குபவருக்குக் கிளாஸும், ஆய்வேட்டுக்குச் சார்ட்டும் பொருந்துவன. மூன்றினதும் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. அவற்றைப் பயன்படுத்துவதுடன் அமையாது வாசிக்கவும் முற்படும் மாணவருக்கு, மேற்கூறிய எழுத்துக் குறைபாடு ஒரு தடையன்று; நல்லதோர் ஆய்வுப்பொருள்.