எஸ்டேட்: எந்த வேற்றுமை?

தமிழ் சினிமாவில் பணக்கார அப்பா வந்தால் ஒரு வசனமும் கூடவே வரும்: "அவருக்கு ஊட்டியில எஸ்டேட் இருக்கு." கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒருவரைக் கேட்டால், "நாங்க எஸ்டேட்ல இருக்கோம்" என்பார். சொல் ஒன்றுதான், வேற்றுமை உருபு வேறு. முதல் வாக்கியத்தில் 'கு': எஸ்டேட் ஒருவருக்கு இருக்கிறது. இரண்டாவதில் 'இல்': ஆட்கள் எஸ்டேட்டுக்குள் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எஸ்டேட் என்றால் சொத்து. ஒருவர் இறந்தபின் வாரிசுகளுக்கு விட்டுப்போவதும் எஸ்டேட்தான். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே கொழுந்து பறித்த தமிழர்களின் வாய்க்கு இந்தச் சொல் வந்தபோது, உள்ளிருந்த சொத்து கழன்றுவிட்டது. மிஞ்சியது இடம் மட்டும். வேலை இருக்கும்வரை லயத்தில் வீடு, வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகளுக்கு விட்டுப்போக அதில் என்ன இருக்கு?

'தோட்டம்' என்று தமிழில் சொன்னாலும் இதே கதைதான். கொங்கு நாட்டில் "எங்க தோட்டம்" என்றால் கிணறும் பாசனமும் உள்ள சொந்த நிலம். மலேசியாவில் "நீங்க எந்தத் தோட்டம்?" என்றால் ஊரைக் கேட்கிறார்கள். அதில் பாசம் இருக்கிறது, பட்டா இல்லை.

புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி'யிலிருந்து 'எரியும் பனிக்காடு' வரை, தேயிலைத் தோட்டத்துக்குள் மனிதர்கள் பட்ட பாட்டை நம் இலக்கியம் கூர்மையாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் இன்று எழுதப்படும் பல தோட்டக் கதைகள் ஐந்தாம் வேற்றுமைக்குப் போய்விட்டன: 'எஸ்டேட்டிலிருந்து வந்தேன்.' பனி, கோயில் திருவிழா, பாட்டியின் கூடை. படிக்க இதமாகத்தான் இருக்கிறது. அந்த நிலம் யாருக்கு என்ற கேள்வியை மட்டும் இந்த ஏக்கம் தொடுவதில்லை.

அந்தக் கேள்வியை ஒருமுறை இலக்கியத்துக்கு வெளியே கேட்டார்கள். ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க, 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 'இல்'லை 'கு' ஆக்கப் பார்த்த முயற்சி அது.

இன்று கேமரன் மலையில் கொழுந்து வெட்டுபவர்களில் வங்காளதேசத்துக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களும் எஸ்டேட்'ல' இருக்கிறார்கள். அடுத்த தோட்டக் கதையை எழுதப்போகிறவர் அந்த உருபிலிருந்து தொடங்கலாம்.