பன்னிரண்டில் ஒரு பங்கு வீடு

விக்டோரியா காலத்துப் பாணிப் பொம்மை வீட்டை ‘கிட்’ ஆக வாங்கினால், பெட்டிக்குள் இருப்பது தட்டையான பலகைகள்தான். சுவர், தளம், படிக்கட்டு, ஜன்னல் சட்டம் என்று எல்லாம் லேசரில் வெட்டி வந்துவிடும். வெட்டித் தந்ததைக் கோப்பதில் என்ன கலை என்று கேட்பவர்கள் உண்டு. தக்கலைப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். இங்கே பழைய தச்சர்கள் முழு வீட்டையே இந்த முறையில்தான் எழுப்பினார்கள். உத்திரத்தையும் கழுக்கோலையும் தரையிலேயே அளந்து செதுக்கி, துளையும் கழுந்தும் வைத்து மேலே ஏற்றிக் கோத்தார்கள். அப்படிக் கோத்த வீட்டைக் கழற்றவும் முடியும். மத்திய கேரளத்துப் புதுப்பள்ளி வீடு ஒன்று இன்று சென்னைக்கு அருகே முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நிற்பது அதனால்தான்.

பொம்மை வீட்டில் கலை தொடங்கும் இடம் தடிமன். வழக்கமான அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அடி ஓர் அங்குலமாகிவிடும். அதில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயிண்ட் ஏறினால், நிஜ வீட்டுச் சுவரில் 12 மில்லிமீட்டர் பூச்சு ஏறியதற்குச் சமம். கதவு விளிம்பும் ஜன்னல் சட்டத்தின் வரிகளும் அதில் மூழ்கிவிடும். கைதேர்ந்தவர்கள் ப்ரைமர் அடித்து, உப்புத்தாளால் தேய்த்து, நீர்த்த பெயிண்டை மெல்லிசாகப் பலமுறை பூசுவார்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் எங்கள் ஊரில் பலகையின் ஒரு பக்கம் மட்டும் பூசினால் அது வளைந்துவிடும். இரு பக்கமும் பூச வேண்டும்.

துணி இன்னும் பிடிவாதக்காரன். திரைச்சீலையை எவ்வளவு சிறிதாக வெட்டினாலும் துணியின் விறைப்பு குறையாது. ஜன்னலில் தொங்காமல் விரிந்து நிற்கும். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து அதில் நனைத்து, அட்டையில் மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்திக் காயவிட்டால்தான் துணி விழுகிற மாதிரி விழும். மரமும் அப்படியே. தேக்கின் அகன்ற ரேகை பெரிய மேஜைக்குத்தான் அழகு. உள்ளங்கையில் அடங்கும் மேஜைக்கு மஞ்சக்கடம்பு போல நெருங்கிய ரேகையுள்ள மரம் வேண்டும்.

கூரை விளிம்பில் தொங்கும் மரவேலைப்பாடுதான் இந்தப் பாணியின் முகம். நீராவியால் ஓடிய வளைவு ரம்பங்கள் பரவிய பிறகு, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகளில் அது மலிந்தது. கிட்டிலும் அதை அழகாகவே வெட்டித் தருகிறார்கள்.

ஆனால் பலரும் கைவிட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. அது உட்கூரை. பொம்மை வீட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கிறோம். கீழ்த்தளத்து அறைக்குள் குனிந்து பார்த்தால் முதலில் தெரிவதே உட்கூரைதான். வெள்ளையடித்து விட்டுவிட்டால் அறை பெட்டியாகிவிடும். புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லுட்யன்ஸ் 1921 முதல் 1924 வரை ராணி மேரிக்காக உருவாக்கிய பொம்மை வீட்டில் குழாயில் தண்ணீர் வரும், லிஃப்ட் ஓடும். நூலகத்தில் கோனன் டாயில் தன் கையால் எழுதிய குட்டிப் புத்தகமும் உண்டு. இத்தனைக்கும் நடுவே உட்கூரைகளுக்கும் அக்காலத்து ஓவியர்களை வைத்து ஓவியம் தீட்டினார்கள். எனக்கு அந்த வீட்டின் மேல் மதிப்பு வந்தது இதனால்தான்.

தக்கலைக்காரர்களுக்கு இதற்கான பாடம் கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தில் அண்ணாந்து பார்த்தால் 90 மரப்பூக்கள். ஒன்று போல இன்னொன்று இல்லை. மந்திரசாலையில் வண்ண அபிரகம் பதித்த ஜன்னல்கள் வெயிலை வடிகட்டி உள்ளே விடுகின்றன. பொம்மை வீட்டில் எல்.இ.டி. விளக்கு கண்ணைக் கூசுகிறது என்பவர்கள் அங்கே கொஞ்ச நேரம் நிற்கலாம். ஜன்னல் பிளாஸ்டிக்கில் தேன் நிறத் தாள் ஒட்டி, விளக்கைத் தூலத்துக்குப் பின்னால் மறைத்தாலே அறைக்கு வயது கூடிவிடும்.

உட்கூரைக்குக் கடையில் கிடைக்கும் ஒரே அச்சுப் பூவை எல்லா அறையிலும் ஒட்ட வேண்டாம். அறைக்கு ஒரு பூ வரைந்து, மெல்லிய மரச்சீவலில் வெட்டி ஒட்டலாம். ஆனால் சுவர்களைக் கோப்பதற்கு முன்பே, பலகை மேஜையில் மல்லாந்து கிடக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். மேல்தளம் ஏறிய பிறகு அந்த மூலைக்குக் கை போகாது.